வீட்டில் செய்த புரொஜெக்டரில் படம் ஏன் கோணுகிறது, எப்படி நேராக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்.சி.டி. பேனல், எல்.இ.டி. விளக்கு, ஒரு லென்ஸ், ஒரு பிளைவுட் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே வீடியோ புரொஜெக்டர் செய்யும் நண்பர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: வெளிச்சம் நன்றாக வருகிறது, ஆனால் படம் நேராக விழவில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பெட்டி, பேனல், சுவர் ஆகியவற்றின் இருப்பை முதலில் சரிசெய்ய வேண்டும், லென்ஸை அடுத்துப் பார்க்க வேண்டும், மென்பொருளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களும் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

கணக்குகள் அனைத்துக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 1,024 × 600 புள்ளிகள் கொண்ட 7 அங்குலப் பேனல். அதன் ஒளிரும் பகுதி 15.4 செ.மீ. அகலமும் 8.6 செ.மீ. உயரமும் உடையது. லென்ஸின் குவியத் தொலைவு 200 மி.மீ. படத்தை 10 மடங்கு பெரிதாக்க, பேனலுக்கும் லென்ஸுக்கும் இடையே 22 செ.மீ., லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே 220 செ.மீ. இருக்க வேண்டும். சுவரில் 154 செ.மீ. அகலமும் 86 செ.மீ. உயரமும் உள்ள படம் விழும்.

படம் தலைகீழா விழுதுங்க, எழுத்தும் இடவலமா மாறித் தெரியுது. லென்ஸ் கோளாறுங்களா?

கோளாறு இல்லை. குவி லென்ஸ் எதுவாக இருந்தாலும் சுவரில் விழும் பிம்பத்தை அரைவட்டம் சுழற்றிவிடும். ஆகவே பேனலைத் தலைகீழாகப் பொருத்த வேண்டும். அதன் பிறகும் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் இருந்தால், பேனலின் முன்முகம் லென்ஸை நோக்கி இருக்கிறது என்று பொருள். முன்முகம் விளக்கை நோக்கும்படி பேனலைத் திருப்பிவிடலாம்; அல்லது பேனலை இயக்கும் டிரைவர் போர்டின் மெனுவில் இடவலம் மாற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்பாக இதை முடித்துவிடுங்கள்; இல்லையென்றால் "மேல்", "கீழ்" என்று பின்னால் சொல்வதெல்லாம் குழம்பிவிடும்.

ஆளுக எல்லாம் குண்டாத் தெரியறாங்க. இதும் லென்ஸாலயா?

படத்தின் நான்கு ஓரங்களும் நேராக இருந்து, வட்டம் மட்டும் முட்டை வடிவில் தெரிந்தால், அது அகல உயர விகிதப் பிழை. பேனலின் இயல்பான புள்ளி எண்ணிக்கைக்குப் பொருந்தாத வடிவில் டிரைவர் போர்டு படத்தை இழுத்து நிரப்புகிறது. போர்டின் மெனுவிலோ, படம் அனுப்பும் கணினியிலோ விகிதத்தைச் சரியாக அமைத்தால் போதும்.

இதைக் கண்டறிய ஒரு சோதனைப் படம் தேவை. கறுப்புப் பின்னணியில் சம அளவுள்ள வெள்ளைக் கட்டங்களும், நடுவில் ஒரு பெரிய வட்டமும், நான்கு மூலைகளிலும் சிறு வட்டங்களும் கொண்ட ஒரு படத்தைக் கணினியில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் "கட்டப் படம்" என்று சொல்வதெல்லாம் அதைத்தான். சினிமாக் காட்சியை வைத்துக்கொண்டு கோணலைத் திருத்த முயல்வது நேரத்தை வீணாக்கும்.

மேல அகலமா, கீழ குறுகலா வருதுங்க. ஏனுங்ணா அப்படி?

பெட்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஒளியை மேல்நோக்கிச் செலுத்தியிருக்கிறீர்கள். சுவரின் மேற்பகுதி லென்ஸிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் அங்கே படம் கூடுதலாக விரிகிறது, செவ்வகம் சரிவகமாகிறது. இதைத்தான் கீஸ்டோன் கோணல் என்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் பெட்டியை 15 டிகிரி சாய்த்தால் மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிட 11 சதவீதம் அகலமாகும். அதாவது கீழே 150 செ.மீ. என்றால் மேலே சுமார் 167 செ.மீ. கட்டங்களும் மேலே போகப் போக உயரமாகின்றன என்பதைக் கவனியுங்கள்; அகலம் மட்டும் மாறுவதில்லை.

இந்த அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: பேனலின் தளம் சுவரின் தளத்துக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும், லென்ஸ் பேனலை எவ்வளவு விரிந்த கோணத்தில் பார்க்கிறது என்பதும். குவியத் தொலைவு கூடிய லென்ஸை வைத்துப் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளினால் அதே சாய்வுக்குக் கோணல் குறையும். சாய்வையே நீக்கினால் கோணல் முழுவதும் நீங்கும்.

நடுவுல ஊஞ்சல் இருக்குதுங்க. பெட்டியைச் செவுத்தோரமாப் பக்கவாட்டுல வெச்சுக்கலாங்களா?

தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். படம் உயரத்தைவிட அகலத்தில் பெரியது என்பதால் பக்கவாட்டுச் சாய்வு அதிகமாகப் பாதிக்கும். மேல்நோக்கிய 15 டிகிரி 11 சதவீதக் கோணலைத் தந்தது என்றால், பக்கவாட்டில் அதே 15 டிகிரி ஏறத்தாழ 21 சதவீதத்தைத் தரும். பெட்டியை நடுக்கோட்டிலேயே உத்தரத்தில் தொங்கவிடுவது எவ்வளவோ மேல்.

நேரா வெச்சாப் படம் கீழ விழுதுங்களே. பெட்டியைச் சாய்க்காம மேல ஏத்த வழி இருக்குதுங்களா?

இருக்கிறது, இந்தப் பக்கத்திலேயே மிகப் பயனுள்ள பதில் இதுதான் என்று கருதுகிறேன். பேனலைச் சுவருக்கு இணையாகவே வைத்துக்கொண்டு, லென்ஸை மட்டும் சாய்க்காமல் நேராக மேலே நகர்த்துங்கள். லென்ஸை 2 செ.மீ. உயர்த்தினால் படம் அந்த 2 செ.மீ.யுடன் அதன் 10 மடங்கும் சேர்த்து 22 செ.மீ. உயரும். பேனல், லென்ஸ், சுவர் மூன்றும் இணையாகவே இருப்பதால் கோணலும் வராது, தெளிவும் கெடாது. பேனலின் உயரத்தில் பாதியளவு, அதாவது 4.3 செ.மீ., லென்ஸை உயர்த்தினால் படத்தின் கீழ் ஓரம் சரியாக லென்ஸின் மட்டத்திலிருந்து தொடங்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, லென்ஸ் கூடுதல் பரப்பைத் தாங்க வேண்டும். நேர் நிலையில் 17.6 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தெளிவாகக் காட்டினால் போதும், 4.3 செ.மீ. நகர்த்திய பிறகு 23 செ.மீ. வட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, ஒளியைக் குவித்து லென்ஸுக்கு அனுப்பும் ஃபிரெனெல் தகட்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும். அதை மறந்தால் ஒளிக்கற்றை லென்ஸின் நடுவில் நுழையாமல் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும்.

லென்ஸ் பலகையில் நீள்துளை போட்டு, சிறகு நட்டு கொண்டு இறுக்கும் அமைப்பே போதுமானது. நேர்த்தியாக வேண்டுமென்றால் கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் உள்ள சிறு லேத் பட்டறைகளில் அளவைக் கொடுத்து, அலுமினியத் தகட்டில் நழுவுகாடி போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ரசமட்டம் வெச்சுப் பெட்டியைச் சமமா நிறுத்தீட்டேன். இன்னும் கோணல் போகலைங்க.

ரசமட்டம் பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பேனலைப் பற்றியோ எதிரே இருக்கும் சுவரைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.7 செ.மீ. விலகல் இருந்தால் சுவர் ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் மேல், கீழ் அகலங்களுக்கு இடையே ஒரு செ.மீ. அளவுக்குத்தான் வேறுபாடு வரும் என்பதால் அதற்காகச் சுவரைக் கொத்த வேண்டியதில்லை. பெட்டியைச் சுவரின் சாய்வுக்கு இணையாக்கினால் போதும்.

பேனலை மூலைமட்டம் கொண்டு பெட்டியின் அடித்தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பேனல் ஒரு டிகிரி சாய்ந்தால் வரும் கோணல் சிறியதே. ஆனால் தெளிவு பெரிதும் கெடும். பேனலின் சாய்வு சுவர்ப் பக்கத்தில் 10 மடங்காகப் பெருகுவதால், தெளிவான தளம் சுவரிலிருந்து 10 டிகிரி விலகிப் போய்விடும். மேல் ஓரம் தெளிவாகவும் கீழ் ஓரம் மங்கலாகவும் இருக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பேனலின் சட்டம்தான்.

மூலைக்கு மூலை டேப்பு புடிச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒரே அளவு. அப்ப செவ்வகம்தானுங்களே?

கொத்தனார் அஸ்திவாரம் போடும்போது குறுக்களவு எடுப்பது சரியான முறை. ஏனெனில் அங்கே எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்று முன்பே அளந்திருப்பார்கள். இங்கே அந்த உறுதி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரிந்த சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். ஆகவே மேல் அகலம், கீழ் அகலம், இடது உயரம், வலது உயரம், இரண்டு குறுக்களவுகள் என ஆறையும் அளக்க வேண்டும். அகலங்கள் வேறுபட்டு, குறுக்களவுகள் சமமாக இருந்தால் சாய்வு மேல் கீழாக மட்டுமே உள்ளது. உயரங்கள் வேறுபட்டு, குறுக்களவுகள் சமமாக இருந்தால் பக்கவாட்டில் மட்டுமே உள்ளது. அகலங்களும் உயரங்களும் வேறுபட்டு, குறுக்களவுகளும் சமமாக இல்லாவிட்டால் இரண்டு சாய்வுகளும் கலந்திருக்கின்றன. அப்போது பக்கவாட்டை முதலில் தீர்த்துவிட்டு மேல் கீழைத் தொடுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்துல நின்னு பார்த்தா நேராத்தான் இருக்குது. முன்னால உக்காந்தவங்க கோணல்ங்கறாங்க. யார் சொல்றது சரி?

இருவர் சொல்வதும் சரி. லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எந்தக் கோணலும் தெரியாது. சுவர் சாய்ந்திருந்தாலும் புடைத்திருந்தாலும் ஒளி சென்ற அதே வழியிலேயே பார்வையும் செல்வதால் படம் பேனலில் உள்ளபடியே தோன்றும். அங்கிருந்து விலக விலகத்தான் பிழை வெளிப்படும். அதனால் பெட்டியருகே நின்றபடி படத்தைச் சரிசெய்யாதீர்கள். வீட்டார் உட்காரும் இடத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டு, அளவுகளை டேப்பில் எடுத்து முடிவு செய்யுங்கள்.

தோட்டத்துச் சாளையில வேட்டி கட்டிப் படம் காட்டறோம். காத்துல நெளியுதுங்க. துணி இழுபட்டாப் படமும் இழுபடுங்களா?

துணி தன் தளத்துக்குள்ளேயே இழுபடுவதால் படம் இழுபடாது. படம் துணியில் அச்சடிக்கப்பட்டதல்ல, அதன் மேல் விழுவது. துணி முன்னும் பின்னும் புடைப்பதுதான் படத்தை நெளியச் செய்கிறது. அதுவும் நடுவில் ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. ஓரத்தில் 3 செ.மீ. புடைத்தால் படம் அந்த இடத்தில் ஒரு செ.மீ. நகரும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் எப்படி வீசும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே மட்டும் கட்டித் தொங்கவிடும் வேட்டியும் சென்னிமலைப் பெட்ஷீட்டும் அந்தக் காற்றில் நிற்காது. திருப்பூரில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளைப் பனியன் துணியை இரட்டையாக மடித்து, நான்கு பக்கமும் மரச்சட்டத்தில் இழுத்து ஸ்டேப்ளர் அடித்தால், அது நீளும் தன்மையுள்ளதால் சுருக்கமின்றித் தட்டையாக நிற்கும். ஒளி ஊடுருவிப் போகாதபடி பின்னால் கறுப்புத் துணி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி, செவுரு எல்லாம் நேராத்தான் இருக்குது. ஆனா ஓரத்துக் கோடெல்லாம் வில்லாட்டம் வளையுதுங்க.

இப்போதுதான் லென்ஸுக்கு வருகிறோம். ஓரக் கோடுகள் நடுவை நோக்கி உள்வாங்கினால் அது ஊசிமெத்தைக் கோணல். வெளிநோக்கிப் புடைத்தால் பீப்பாய்க் கோணல். பெட்டியை எப்படித் திருப்பினாலும் இது மாறாது என்பதே இதை அடையாளம் காணும் வழி.

லென்ஸ் எதுவென்பது ஒரு காரணம். ஒளி எங்கே குவிகிறது என்பது மற்றொரு காரணம். பின்னதைப் பலர் கவனிப்பதில்லை. ஒற்றைக் குவி லென்ஸ் வைத்த பெட்டியில், ஃபிரெனெல் தகட்டிலிருந்து வரும் ஒளிக்கற்றை லென்ஸை அடையும் முன்பே குவிந்துவிட்டால் பீப்பாய்க் கோணலும், லென்ஸைத் தாண்டிக் குவிந்தால் ஊசிமெத்தைக் கோணலும் வரும். ஒரு வெள்ளைத் தாளை லென்ஸுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளி மிகச் சிறிய வட்டமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். விளக்கை முன்பின் நகர்த்தி, அந்த இடத்தை லென்ஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். செலவே இல்லாத இந்தத் திருத்தம் பல பெட்டிகளில் வளைவைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்துவிடும்.

அதன் பின்னும் வளைவு இருந்தால் லென்ஸை மாற்றுங்கள். 1893-இல் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த மூன்று கண்ணாடி லென்ஸ், அதாவது டிரிப்ளெட், வளைவு, மங்கல், நிறப்பிழை மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. கல்லூரிகள் கழித்துவிட்ட பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர்கள் சிலவற்றில் இந்த வகை லென்ஸ் இருக்கும். அவற்றின் குவியத் தொலைவு பெரும்பாலும் 300 மி.மீ.க்கு மேல் என்பதால் பெட்டி நீளும். அகலமான பேனலுக்கு அதுவே பொருத்தம். அது கிடைக்காதபோது, 400 மி.மீ. குவியத் தொலைவுள்ள ஒரே மாதிரியான இரண்டு லென்ஸ்களை அருகருகே எதிரெதிராக வைத்து, நடுவில் வட்டத் துளையுள்ள கறுப்பு அட்டையைச் செருகினால் ஏறத்தாழ 200 மி.மீ. லென்ஸ் கிடைக்கும். இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் ஒன்றின் வளைவை மற்றது பெருமளவு ஈடுசெய்யும்.

நடுவுல பளிச்சுனு இருக்குது, மூலையெல்லாம் மங்குது. மூலையைத் தெளிவாக்குனா நடு மங்குது.

லென்ஸ் உருவாக்கும் பிம்பத் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல் வளைந்திருக்கிறது. ஒற்றை லென்ஸில் இதை முழுமையாக நீக்க முடியாது. லென்ஸின் ஓரத்தைக் கறுப்பு அட்டை வளையத்தால் மறைத்துத் துளையைச் சிறிதாக்கினால் மங்கல் குறையும். விட்டத்தை முக்கால் பங்காக்கினால் முழு லென்ஸிலும் பரவியிருந்த ஒளியில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஃபோகஸை நடுவில் வைக்காமல், நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட கட்டங்கள் தெளியும்படி வைப்பது நல்ல சமரசம்.

ஓரத்துல எழுத்தைச் சுத்திச் சிவப்பும் நீலமும் தெரியுதுங்க.

கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறுபட்ட அளவில் வளைப்பதால், நீலப் படமும் சிவப்புப் படமும் வெவ்வேறு அளவில் விழுகின்றன. ஓரத்தில் மட்டும் தெரியும் இந்த விளிம்பு துளையைச் சிறிதாக்குவதால் போகாது. மேலே சொன்ன டிரிப்ளெட்டோ சமச்சீர் இரட்டையோதான் தீர்வு.

வளையம் வளையமாக் கோடு தெரியுது. கொஞ்ச நேரம் ஓடுனாப் படமே அலையடிக்குது.

வளையங்கள் ஃபிரெனெல் தகட்டின் வரிகள். தகடு பேனலோடு ஒட்டியிருந்தால் அதுவும் ஃபோகஸுக்குள் வந்துவிடும், ஒன்றிரண்டு செ.மீ. விலக்கி வைத்தால் மறையும். தகட்டின் வரியுள்ள முகம், ஒளிக்கதிர்கள் இணையாகச் செல்லும் பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும்.

அலையடிப்பது வெப்பத்தால். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும். அதற்கு முன்பே விரிந்து, சட்டத்துக்குள் இடமின்றிப் புடைக்கத் தொடங்கும். பேனலுக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள தகடு புடைத்தால் படமும் அதனுடன் நெளியும். விளக்கின் ஒளியை இணைக்கதிராக்கும் தகடு, அதை லென்ஸை நோக்கிக் குவிக்கும் தகடு இரண்டையும் பேனலுக்கு விளக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், தகட்டின் நெளிவு வெளிச்சத்தைச் சற்றுப் பாதிக்குமே தவிர, படத்தின் வடிவத்தைத் தொடாது. தகட்டை நான்கு பக்கமும் இறுக்கித் திருகாமல், விரிவதற்கு இடம்விட்ட காடியில் நிறுத்துங்கள். விசிறியின் சூடான காற்று லென்ஸின் முன்னால் போகாமல் பின்பக்கமாக வெளியேற வேண்டும்.

லென்ஸைச் சாய்ச்சாக் கோணல் போயிருமுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

கோணல் போகாது, மங்கல் போகும். ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904-இல் காப்புரிமை பெற்ற முறையின் அடிப்படை இது: பேனல், லென்ஸ், சுவர் ஆகிய மூன்று தளங்களையும் நீட்டினால் அவை ஒரே கோட்டில் சந்திக்குமாறு அமைக்கும்போது, சுவர் சாய்ந்திருந்தாலும் படம் முழுவதும் தெளிவாக இருக்கும். நம் பெட்டியை 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்தே ஆக வேண்டுமென்றால், பேனலை லென்ஸுக்கு ஒன்றரை டிகிரி சாய்த்தால் போதும். தலைகீழாகப் பொருத்திய பேனலின் கீழ்ப்பகுதிதான் சுவரின் மேற்பகுதியில் விழுகிறது என்பதால், அந்தக் கீழ்ப்பகுதி லென்ஸுக்குச் சற்று நெருங்க வேண்டும். இதனால் கீஸ்டோன் கோணல் மிகச் சிறிது கூடவே செய்யும். வடிவத்தைப் பேனலும் சுவரும் தீர்மானிக்கின்றன, தெளிவை லென்ஸின் சாய்வு தீர்மானிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

கம்ப்யூட்டர்லயே திருத்திக்கலாமே, இத்தனை பாடு எதுக்குங்க?

திருத்தலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. 15 டிகிரிச் சாய்வை மென்பொருளில் சரிசெய்தால், அகலமாக விழும் மேல் ஓரத்தைச் சுருக்க வேண்டியிருப்பதால் 1,024 புள்ளிகளில் அந்த வரிசையில் சுமார் 922 மட்டுமே பயன்படும். 25 டிகிரி என்றால் ஏறத்தாழ 853 தான். பயன்படாத புள்ளிகளும் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. எல்.சி.டி. எப்போதும் சிறிது ஒளியைக் கசியவிடும் என்பதால், திருத்திய படத்தைச் சுற்றி மங்கலான சாம்பல் நிறச் சரிவகம் தெரியும். அதை மறைக்கத் திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி வைத்துத் தையுங்கள். ஃபிலிம் சுருள் ஓடிய காலத்தில் திரையரங்குகளிலும் மேலறையிலிருந்து சாய்ந்து விழும் படத்தின் ஓரங்களை நேராக்க, புரொஜெக்டரில் படச்சட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள அபர்ச்சர் தகட்டை ஆபரேட்டர்கள் அரத்தால் ராவிப் பொருத்துவதும், திரையோரத்தில் கறுப்புத் துணி கட்டுவதும் வழக்கமாக இருந்தது.

லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் டிரான்ஸ்ஃபார்ம் வசதி திரை முழுவதையும் சரிவகமாக மாற்றித் தரும். தனி வீடியோக் கோப்புகளுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் பெர்ஸ்பெக்டிவ் என்ற வடிகட்டி கீஸ்டோனுக்கும், லென்ஸ்கரெக்‌ஷன் என்ற வடிகட்டி வளைவுக்கும் உள்ளன. பின்னதில் இரண்டு எண்கள் உண்டு. இரண்டுக்கும் பூஜ்யம் என்றால் திருத்தம் இல்லை. முதல் எண்ணைக் கூட்டல், கழித்தல் இரு திசையிலும் 0.05 போலச் சிறிதாக மாற்றி, கட்டப் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சாஃப்ட்வேர்ல செவ்வகமாக்கியாச்சு. ஓரமெல்லாம் நேரா இருக்குது, வட்டம் மட்டும் முட்டையாவே இருக்குது.

அகலத்தைச் சுருக்கிய திருத்தம் உயரத்தைத் தொடவில்லை. சாய்ந்த படம் மேலே போகப் போக உயரத்திலும் நீள்கிறது என்று மூன்றாம் கேள்வியில் பார்த்தோம். வரிசை வரிசையாக அகலத்தை மட்டும் சுருக்கும் எளிய கீஸ்டோன் அமைப்புகள் மேல் வட்டங்களை நீளமாகவே விட்டுவிடும். நான்கு மூலைகளையும் தனித்தனியாக நகர்த்தும் வகையைப் பயன்படுத்துங்கள். அதன் பின் மொத்த விகிதத்தை நடுவட்டத்தைக் கொண்டு அளந்து சரிபாருங்கள்.

பெட்டி நீளமாப் போவுதுன்னு கண்ணாடி வெச்சுத் திருப்பினேன். ரெண்டு ரெண்டாத் தெரியுது, கோணலும் வந்துருச்சு.

முகம் பார்க்கும் கண்ணாடியின் பூச்சு பின்பக்கத்தில் இருப்பதால், முன்பரப்பில் ஒரு மங்கிய பிம்பமும் பின்பூச்சில் ஒரு பளிச்சென்ற பிம்பமும் சேர்ந்து விழுகின்றன. முன்பக்கப் பூச்சுள்ள கண்ணாடிதான் இதற்கு வேண்டும். பழைய போட்டோகாப்பி இயந்திரங்களில் அத்தகைய பட்டைகள் இருக்கும். அதன் பரப்பை விரலால் தொடக்கூடாது.

கண்ணாடி ஒரு டிகிரி பிசகினால் ஒளி இரண்டு டிகிரி திரும்பும். அதனால் 45 டிகிரியை மூலைமட்டத்தில் குத்துமதிப்பாக வைக்காமல், மூன்று திருகுகளால் நுட்பமாகத் திருப்பும்படி பொருத்துங்கள். மூன்றுக்கு மேல் இறுக்கினால் மெல்லிய கண்ணாடி வளைந்து, கோடுகளையும் வளைக்கும். கண்ணாடி ஒன்று சேர்ந்தால் இடவலமும் மாறும் என்பதால், முதல் பதிலில் சொன்னபடி பேனலை மீண்டும் திருப்ப வேண்டியிருக்கும்.

எல்லாம் சரி பண்ணி வெச்சேன், பத்து நாள்ல மறுபடி கோணிக்குதுங்க.

பெட்டிக்குள் ஏதோ ஒன்று நகர்கிறது. இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையில் நிற்கும் பேனல் விளக்கின் சூட்டில் மெல்ல வழுக்கி இறங்கும். மெல்லிய பிளைவுட் மழைக்கால ஈரத்தில் ஊறி வளையும். பேனலையும் லென்ஸ் பலகையையும் ஒரே அலுமினிய ஆங்கிளின் மேல் திருகிவிட்டால், பலகை வளைந்தாலும் இரண்டுக்கும் இடையிலான இணைநிலை மாறாது. சரிசெய்து முடித்ததும் நகரும் ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் ஊசியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். மறுபடி கோணும்போது எந்தக் கீறல் விலகியிருக்கிறதோ அந்தப் பாகத்தை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.